கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்: நான்காவது கிளானில் கிடைத்த இடம்

மாங்குளத்தில் இருக்கும் என் மச்சான் கடந்த வாரம் புதிய போனில் கிளாஷ் ஒஃப் கிளான்ஸை இறக்கிவிட்டு, "எந்தக் கிளானில சேர்ந்தா மனுசரா மதிப்பாங்கள்?" என்று கேட்டான். ஆட்டத்தை ஆடுவது எப்படி என்பதை அவன் என்னிடம் கற்க வேண்டியதில்லை. 2013 இல் அன்ட்ரொய்ட் போன்களுக்கு வந்த இந்த விளையாட்டை 2016 இலிருந்து உருத்திரபுரத்தில் இருந்தபடி ஆடிவரும் எனக்கும் கடினமாக இருந்தது ஆட்டமல்ல, ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுவான கிளான்தான்.

கிளானில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் படைவீரர்களைக் கொடுத்து உதவலாம்; என் முதல் கிளானில் எவரும் எவருக்கும் ஒரு வில்லாளியைக்கூடக் கொடுக்கவில்லை. இரண்டாவதில் நான் கொடுத்தது போதவில்லை என்று வெளியேற்றினார்கள், அது நியாயமே. மூன்றாவதை இன்றுவரை மன்னிக்க என்னால் முடியவில்லை. அது தமிழர்களின் கிளான். கார்த்திகை மழையில் சிக்னல் அடியோடு போன ஒரு நாள், கிளான்கள் மோதும் போரில் ஒவ்வொருவருக்கும் உரிய இரண்டு தாக்குதல்களில் ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது. விடிந்து பார்த்தபோது நான் கிளானில் இல்லை. வெளியேற்றும்போது காரணம் எழுத வசதி இருந்தும் ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. வெளியேற்றியவர் 'எல்டர்' பதவியில் இருந்தவர், அதாவது மூத்தவர்; அந்த மூத்தவர் முதல்நாள்தான் எட்டாம் ஆண்டுத் தவணைப் பரீட்சை கடினமாக இருந்ததென்று எங்களிடம் அழுதிருந்தார்.

அதன் பிறகு நான் கிளான் தேடும் முறையை மாற்றினேன். கோப்பைகளையும் வென்ற போர்களின் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, உறுப்பினர் பட்டியலின் அடிக்கு இறங்கி, ஆகச் சிறிய டவுன் ஹோல் (ஆட்டக்காரரின் வளர்ச்சியைக் காட்டும் நடுக் கட்டடம்) வைத்திருப்பவருக்கு அந்த ஆட்டப் பருவத்தில் எத்தனை படைவீரர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அந்த எண்ணிக்கை பருவந்தோறும் பூச்சியத்திற்குத் திரும்புவதால், பருவத்தின் கடைசி நாட்களில் பார்ப்பதே சரி. கொடுத்தது சிறிதாகவும் கிடைத்தது பெரிதாகவும் ஒரு சின்னப் பெடியனின் கணக்கு இருந்தால், அங்கே யாரோ பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று பொருள். இப்படித்தான் இப்போதிருக்கும் நான்காவது கிளானைக் கண்டுபிடித்தேன்.

சேர்ந்த பிறகு நடந்த முதல் போரில், தாக்குதலுக்கு முந்திய ஆயத்த நாளில் படைவீரர்களைக் கேட்பதற்காகத் திறந்தபோது, அவர்களை வைக்கும் என் போர்க் கோட்டை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. யார் நிரப்பியது என்று கேட்டதற்கு எவரும் பதில் சொல்லவில்லை. கோ-லீடராக, அதாவது துணைத் தலைவராக, இருக்கும் ஓர் அக்கா ஒவ்வொரு போரிலும் சிறியவர்களின் கோட்டைகளை முதலில் நிரப்பிவிட்டுத்தான் தன் தளத்தைப் பார்ப்பார் என்பது எனக்கு இரண்டு மாதம் கழித்தே தெரிந்தது. காலபோக வெட்டு நேரத்தில், அறுவடை இயந்திரம் எப்போது வருமென்று தெரியாமல் இரவும் பகலும் வயல் வரம்பில் நின்ற மூன்று வாரமும் நான் ஒரு தாக்குதலும் செய்யவில்லை. இதற்குள் கிளான்களுக்கிடையிலான தொடர்ப் போட்டியான கிளான் லீக் வேறு வந்து போயிருந்தது. ஏழு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே தாக்குதல் என்பதால் ஒருவர் வராவிட்டால் அத்தனை பேருக்கும் இழப்பு. இம்முறையும் வெளியேற்றியிருப்பார்கள் என்று எண்ணியே திறந்தேன். "நெல்லு எப்பிடித் தம்பி?" என்று லீடர் அண்ணை கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

இத்தனை நல்லவர்களோடு இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. நாங்கள் தோற்கிறோம். அண்ணை இருப்பது டொரொன்டோவில். அங்கே இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்து அவர் போரைத் தேடினால், கோடை காலத்தில் எங்களுக்கு அப்போது காலை ஏழரை; ஆயத்தம் 23 மணித்தியாலம், போர் 24 மணித்தியாலம் என்று கணக்குப் போட்டால் போர் முடிவது எங்களுடைய காலை ஆறரைக்கு. எதிரியின் எஞ்சிய தளங்களை அடித்து முடிக்க வேண்டிய கடைசி மணிகளில் வன்னியில் இருக்கும் நாங்கள் உறங்குகிறோம், அல்லது வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறோம். நேரத்தை மாற்றச் சொல்லி எத்தனையோ முறை எழுதிவிட்டேன். "பாப்பம் தம்பி" என்பார்.

இன்று காலையும் அதே கதைதான். தாக்குதல்களில் கிடைக்கும் நட்சத்திரங்கள் இரு பக்கமும் சமமாகி, எதிரித் தளங்களை அழித்த விகிதத்தில் தோற்றோம். எங்கள் பக்கத்தில் இரண்டு தாக்குதல்கள் தொடப்படாமலே கிடந்தன. அவற்றுக்கு உரியவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெடியன். போருக்கு வரவில்லை என்று சிவப்புக் கேடயத்தைப் போட மறந்துவிட்டானாம். "பரவாயில்லை, படி" என்று அண்ணை எழுதியதைப் பார்த்தபோது எனக்கு உச்சியில் ஏறியது. என் மூன்று வாரம் நினைவுக்கு வராமலில்லை. வந்தும் கோபம் குறையவில்லை, ஏனென்றால் நான் லீக்கில் தவறியபோது நாங்கள் எப்படியும் தோற்றிருப்போம். இன்றைய போரோ வென்றிருக்க வேண்டியது.

ஆகவே மச்சானுக்கு இன்றைய தேதியில் என் பரிந்துரை: வெல்ல வேண்டுமானால் எங்கள் கிளானுக்கு வராதே, பட்டியலின் அடியைப் பார்த்து வேறொன்றைத் தேடிக்கொள். இதை அவனுக்கு அனுப்பிய கையோடு கிளானைத் திறந்தேன். அண்ணை அடுத்த போரைத் தொடங்கிவிட்டிருந்தார், காலை ஏழு மணி நாற்பதுக்கு. என் கோட்டை நிரம்பியிருந்தது.