ஃபேன் இல்லாததா, மெதுவாகச் சுற்றுவதா? ஹாலுக்கு ஒரு சத்தமில்லாத கம்ப்யூட்டர்

அப்பா பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கச்சேரி கேசட்டுகளை எல்லாம் கோப்புகளாக மாற்றி முடித்தேன். அவற்றை ஹாலில் உட்கார்ந்து நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், வீட்டு வீடியோக்களையும் ப்ளூரேயிலிருந்து எடுத்து வைத்த படங்களையும் அங்கேயே பார்க்க வேண்டும். இப்படித்தான் ஹாலுக்கு ஒரு கம்ப்யூட்டர் தேடத் தொடங்கினேன். சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீடு. சுவரோரம் டிவி, இரண்டரை மீட்டர் தள்ளி சோபா, டிவிக்குப் பக்கத்திலேயே சாமி மேடை. அந்தச் சாமி மேடைதான் கடைசியில் எதை வாங்குவது என்பதை முடிவு செய்தது. அது பிறகு வரும்.

மூன்று வழிகளையும் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். இன்டெல் என்100 சிப் போட்ட கையடக்கப் பெட்டி எங்கள் வீட்டில் 14 மாதம் ஓடியது. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றும் பெட்டியை யீஷூனில் இருக்கும் மச்சானுக்கு நானே பூட்டிக் கொடுத்தேன். ஃபேனே இல்லாத பெட்டி இரண்டு வருஷமாக எங்கள் ஹாலில் இருக்கிறது. என் ஓட்டு இந்தக் கடைசிப் பெட்டிக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓடிடி படம் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் இந்த வேலையே வேண்டாம். 2022ல் வந்த ஆப்பிள் டிவி 4கேயில் ஃபேன் கிடையாது, சத்தமும் கிடையாது. வசந்தம் சேனல் பார்க்க டிவியே போதும். சொந்தக் கோப்புகளை நிறைய வைத்துக்கொண்டு, கோடி, ஜெல்லிஃபின் மாதிரி மென்பொருளில் தன் விருப்பப்படி அடுக்கிப் பார்க்க நினைப்பவருக்குத்தான் கம்ப்யூட்டர்.

கையடக்கப் பெட்டியில் படத்தைப் பற்றிக் குறையே இல்லை. 2023ல் வந்த என்100 வெறும் 6 வாட் சிப். 4கே படமும், ஏவி1 என்ற புது முறையில் சுருக்கிய வீடியோவும் அதற்குச் சர்வசாதாரணம். விலையும் குறைவு, டிவிக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம். பிரச்சினை உள்ளே இருக்கும் சின்ன ஃபேன். சின்ன ஃபேன் காற்றை நகர்த்த வேண்டும் என்றால் வேகமாகச் சுற்றியாக வேண்டும். வேகமாகச் சுற்றினால் அது இரைச்சலாக வராது, மெல்லிய கீச்சொலியாக வரும்.

“மேலே சீலிங் ஃபேன் சுத்துதே, அதையும் மீறி இது எப்படிங்க உங்களுக்குக் கேக்குது?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். சீலிங் ஃபேனின் சத்தம் பரவலான காற்றுச் சத்தம், காது அதைச் சீக்கிரம் மறந்துவிடும். கீச்சொலி ஒரே சுருதியில் நிற்பது. ஆலாபனையில் பாடகர் ஒரு ஸ்வரத்தில் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் தம்புரா மட்டும் கேட்கும் அல்லவா, அந்த இடத்தில் தம்புராவோடு சேராத இன்னொரு சுருதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பாவுக்கு வயது 74. அவரும் அதைக் கவனித்துவிட்டார்.

ஆனால் புதிதாக வாங்கியபோது அந்தப் பெட்டி இப்படி இல்லை. முதல் நாலு மாதம் சத்தம் கேட்டதாக நினைவே இல்லை. எட்டாவது மாதத்தில் கேட்க ஆரம்பித்தது, ஒரு வருஷத்தில் தாங்க முடியவில்லை. திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஃபேன் இறக்கைகளிலும், சூட்டை வெளியேற்றும் தகடுகளின் இடுக்கிலும் இருந்தது தூசி இல்லை, பிசுக்கு. ஊதினால் போகவில்லை. பஞ்சில் ஆல்கஹால் நனைத்துச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது.

எங்கள் வீடுகளில் இது எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலையும் மாலையும் நல்லெண்ணெய் விளக்கு, ஊதுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. கதவில்லாத சமையலறையிலிருந்து தாளிக்கும் எண்ணெய்ப் புகை. ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும், கீழே சாலை. இதற்கு மேல் சிங்கப்பூரின் ஈரப்பதம், ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். புகையிலுள்ள எண்ணெய்த் துளியும் ஊதுவத்திச் சாம்பலும் சட்டைத் துணியின் நூல் தூசியும் ஈரத்தில் ஒன்றாகச் சேர்ந்தால் கம்பளி மாதிரி படிந்துவிடும். ஃபேன் இருக்கும் பெட்டி இதை எல்லாம் நாள் முழுக்க இழுத்துத் தன் தகடுகளின் மேல் பூசிக்கொள்கிறது.

பிசுக்கு படிந்தால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால் போர்டு (சிப் உட்காரும் மதர்போர்டு) ஃபேனை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லும். ஒரு ஃபேனின் வேகம் இரு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடும். அதாவது கடையில் கேட்ட அமைதி ஒரு வருஷத்துக்குப் பிறகு அதே பெட்டியில் இருக்காது. இணையத்தில் படிக்கும் சோதனைகள் பெரும்பாலும் புதுப் பெட்டியில், குளிர்ந்த அறையில் செய்தவை. இரண்டாம் வருஷத்தில் எப்படி இருக்கும் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். 2013 ஜூனில் புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதத்துக்குப் பிறகு எங்கள் பழைய மேசைக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஃபேன் இறக்கைகள் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. அன்றைக்கே பாடம் படித்திருக்க வேண்டும்.

சரி, மச்சான் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். நொக்டுவா நிறுவனத்தின் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, நிமிஷத்துக்கு 600 சுற்று. சோபாவிலிருந்து கேட்கவே கேட்காது, காதைப் பெட்டியில் வைத்தால்தான் உண்டு. ஃபேனுக்கு நிறுவனமே ஆறு வருஷ உத்தரவாதம் தருகிறது. பாகங்கள் எங்கும் கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேர் கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் வாங்கிவிட்டோம். செலவும் என் பெட்டியைவிடக் குறைவு. விளையாட்டுக்காகக் கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்றால் இதுதான் ஒரே நல்ல வழி. அவர் வீட்டில் பூஜை தனி அறையில், ஹாலில் மாலையானால் ஏர்கான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவிவிடுகிறார். அவருக்கு அது சரியாக ஓடுகிறது. நான் அந்த வலையை ஒழுங்காகக் கழுவுகிற ஆள் இல்லை. என் அம்மா அப்பாவிடமும் அந்த வேலையை விட முடியாது.

அதனால் ஃபேனே இல்லாத பெட்டி. இதில் கேஸின் பக்கச் சுவரே வெப்பத் தகடு. சிப்பின் மேல் ஒரு செம்புக் கட்டை, அதிலிருந்து வெப்பக் குழாய்கள் போய் அலுமினியச் சுவரில் முடியும். ஸ்ட்ரீகாம், எச்டிபிளெக்ஸ் போன்றவை இந்த வகைக் கேஸுகளுக்குப் பெயர் போனவை. நான் போட்டது இன்டெல் ஐ3 12100. அது 60 வாட் சிப், ஆனால் பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், 35 வாட்டுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திவிட்டேன். படம் பார்ப்பதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏவி1, 10 பிட் எச்இவிசி என்ற வீடியோ வகைகள் எல்லாவற்றையும் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸே பார்த்துக்கொள்கிறது.

பூட்டுவது எளிதில்லை. வெப்பக் குழாய் போகும் பாதையில் மெமரி குறுக்கே வரும். அதனால் போர்டு வாங்கும் முன் சிப் எந்த இடத்தில் உட்காருகிறது என்று படத்தை வைத்து அளந்து பாருங்கள். மெமரியும் உயரமில்லாத தகடுடன் இருக்கட்டும். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது, ஒரு குழாயை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். வெப்பப் பசையைக் குழாய் உட்காரும் பள்ளத்திலும் மறக்காமல் தடவ வேண்டும்.

அப்புறம் சூடு. ஐரோப்பியர்கள் அளந்து எழுதும் எண்ணோடு பத்து டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் அறை 21 டிகிரி, நம் ஹால் பகலில் 31. ஃபேன் இல்லாத பெட்டிக்கு அறையின் சூடு அப்படியே மேலே ஏறும். எங்கள் ஹாலில் ஏர்கான் இல்லாமல் இரண்டு மணி நேர 4கே படம் முடியும்போது சிப் 55 டிகிரி காட்டுகிறது. கேஸைத் தொட்டால் வெதுவெதுப்பு. ஆனால் டிவி கன்சோலின் கண்ணாடிக் கதவுக்குள் வைத்த முதல் நாள் அதுவே 80ஐத் தாண்டியது. மூடிய அலமாரிக்குள் வைக்கத்தான் இடம் இருக்கிறது என்றால் இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். கன்சோலின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் விடுங்கள்.

ஃபேன் போன பிறகு மற்ற சத்தங்கள் தலைகாட்டும். சுழலும் ஹார்ட் டிஸ்கை இதற்குள் போட்டால் செய்த வேலை எல்லாம் வீண். உள்ளே சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும். கச்சேரிகளும் படங்களும் ஸ்டோர் ரூமில் இருக்கும் நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இருக்கின்றன, கேபிள் வழியாக வருகின்றன. நாஸைப் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் தடித்த சுவர் வைத்த பாதுகாப்பு அறைக்குள், வைத்து வைஃபையில் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம், அந்தக் கான்கிரீட் சுவரைத் தாண்டி சிக்னல் சரியாக வராது.

செலவு அதிகம்தான். கேஸும் பவர் பிரிக்கும் (வெளியே இருக்கும் மின் அடாப்டர்) சேர்ந்தே 350 சிங்கப்பூர் வெள்ளியை நெருங்கிவிட்டது, சிப்பின் விலையைவிட அது கூட. மின்சாரம் பெரிய கணக்கில்லை. பிளக் மீட்டரில் படம் ஓடும்போது 22 வாட். தினமும் ஐந்து மணி நேரம், யூனிட் 30 காசு என்று வைத்தாலும் மாதம் ஒரு வெள்ளி. திரும்ப விற்பதில் மட்டும் கையடக்கப் பெட்டிக்குத்தான் வெற்றி. பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் என் பழைய பெட்டி இரண்டே நாளில் போனது. ஃபேன் இல்லாத கேஸைத் தேடி வருபவர் குறைவு, பாதி விலை கிடைத்தால் அதிகம். ஆனால் சிப்பும் போர்டும் பழசானால் அவற்றை மாற்றிக்கொண்டு கேஸை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இன்னும் மாற்றிப் பார்க்கவில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. இரண்டு வருஷம் ஒரு ஆயுள் இல்லை. வெளியே இருக்கும் பவர் பிரிக் இந்தச் சூட்டில் ஐந்து வருஷம் தாங்குமா என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. 65 வாட் சிப்பைக் கட்டுப்பாடு இல்லாமல் இதில் ஓட்டிப் பார்த்ததும் இல்லை.

போன தீபாவளிக்கு முன் வீடு சுத்தம் செய்தபோது மூடியைத் திறந்து பார்த்தேன். போர்டின் மேல் மெல்லிய உலர்ந்த தூசி, பெயின்ட் பிரஷால் தட்டியதும் போய்விட்டது. பிசுக்கு எல்லாம் வெளியே, அலுமினியச் சுவரில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சாமி மேடையைத் துடைக்கும்போது அதே ஈரத்துணியால் அதையும் ஒரு துடை துடைத்துவிடுகிறார்.