பட்டா எடுக்க ஒரு புது பிரவுசர்: ஜெராக்ஸ் கடையில் ‘உலா’

“ஏனுங் அம்முணி, எப்பவும் அந்தக் கலர் உருண்டையைத்தான அமுத்துவீங்க? இதுல எம்பட பட்டா வருங்களா?”

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் கேட்டது. கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில் நான் ‘உலா’ பிரவுசரைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மூணு வருஷமாக நான் எதை அமுக்குகிறேன் என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் கணக்கில் பட்டா தாலுகா ஆபீஸிலும் இல்லை, அரசாங்க வெப்சைட்டிலும் இல்லை. அந்த உருண்டைக்குள், அதாவது கூகுளின் குரோம் பிரவுசருக்குள் இருக்கிறது. இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு பிரவுசரைத் தங்கள் பேரில் ஏன் இறக்குகிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் இவரைத்தான் காட்டுவேன்.

காங்கேயத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னக் கடை. மூன்று கம்ப்யூட்டர். பட்டா சிட்டா, டிஎன்பிஎஸ்சி, கரண்ட் பில், தேங்காய் எண்ணெய் லோடுக்கு இ-வே பில். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டரை வரை பிரவுசர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் வேகம் எத்தனை மில்லிசெகண்ட் என்றெல்லாம் அளந்து சொல்லத் தெரியாது. வந்தவர் வேலை முடிந்து காகிதத்தோடு போனாரா என்பதுதான் என் அளவுகோல்.

‘உலா’ ஜோஹோ நிறுவனத்தின் பிரவுசர். 2023-லேயே வந்துவிட்டது. 2025 மார்ச்சில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய் வாங்கியது என்று செய்தி படித்த பிறகுதான் இறக்கிப் பார்த்தேன். பரிசைவிடப் பேர் பிடித்திருந்தது. “உலா போட்டிருக்கேன் அத்தை” என்று வீட்டில் சொன்னபோது, மாமியார் “தைப்பூசத்துக்கு இன்னும் நாளு கெடக்குதே, எந்தக் கோயில்ல?” என்றார். சிவன்மலைத் தேர் பார்த்து வளர்ந்தவருக்கு உலா என்றால் சாமிதான் வரும்.

முதல் நாளே கண்ணில் பட்டது விளம்பரம் இல்லாத பக்கம். இது உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். பிளஸ் டூ ரிசல்ட் நாளன்று என் கடைக்கு வந்து பாருங்கள். அரசு தளம் திணறும். பையன்கள் பொறுமை இல்லாமல் ஏதாவது தனியார் பக்கத்தைத் திறப்பார்கள். அதில் ‘டவுன்லோட்’ என்று பச்சையில் நாலு பொத்தான் இருக்கும், நாலும் விளம்பரம். உண்மையான பொத்தான் அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் கிடக்கும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளை பச்சையைத்தான் அமுக்கும், அப்புறம் கண்டதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். ‘உலா’வில் விளம்பரத் தடுப்பு உள்ளேயே வருகிறது, தனியாக எக்ஸ்டென்ஷன் தேடிப் போட வேண்டியதில்லை. அந்தப் பச்சைப் பொத்தான்கள் இல்லாத பக்கத்தைப் பார்த்ததும், ஆடு மேய்ந்து முடித்த காடு மாதிரி பளிச்சென்று இருந்தது.

அப்புறம் வேலைக்கு, சொந்தத்துக்கு, குழந்தைகளுக்கு என்று முறைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏழாவது படிக்கும் என் பையன் பொழுதோட கடைக்கு வந்து உட்காருவான். அவனுக்குக் குழந்தைகள் முறை. என் இ-வே பில் வேலைக்கு இன்னொன்று. ஒரே மிஷினில் நாலு பேர் கை வைக்கும் இடத்தில் இது பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு பிரவுசர். பேர் வேண்டாம். முத்தூர்ப் பெண் ஒருத்தி வேலைக்கு விண்ணப்பிக்க வந்தாள். லாகின் பண்ணியதும் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று மேலே ஒரு பெட்டி எட்டிப் பார்த்திருக்கிறது. யாரும் படிப்பதில்லை, நீலப் பொத்தானை அமுக்கிவிடுவோம், அவளும் அமுக்கிவிட்டாள். மறுநாள் வேறொரு பையன் அதே தளத்தைத் திறக்கிறான், அவள் ஐடியும் எட்டு கருப்புப் புள்ளியும் தயாராக நிற்கிறது. நல்லவேளை, பின்னால் நான் நின்றேன். அழித்துவிட்டு, அவளுக்குப் போன் போட்டு பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். அன்றிலிருந்து வெளியாட்களுக்கு எந்த பிரவுசரானாலும், மூடியதும் பார்த்ததை மறந்துவிடும் தனி (பிரைவேட்) விண்டோதான், ‘உலா’வானாலும் சரி. முறை பிரிப்பது எங்கள் வீட்டாளுக்கு. வருகிறவர்களுக்கு வேலை முடிந்ததும் தடம் அழிய வேண்டும்.

குறை இல்லையா? பேர் தமிழ், கம்பெனி நம்மூர்க் கம்பெனி, எல்லாம் சரி. ஆனால் உள்ளே ஓடி, பக்கத்தைத் திறந்து காட்டும் இன்ஜின் குரோமியம். அடிப்படையில் கூகுள் போட்டுக் கொடுத்தது. இதில் ‘உலா’வை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020-லிருந்து அதில்தான் ஓடுகிறது. ஓபரா, பிரேவ் எல்லாம் அப்படியே. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே வரியில் புரியும்: மில்லில் ஆட்டுவது ஒரே எண்ணெய், டின்னில் ஒட்டும் லேபிள் வாங்குகிறவருடையது. மொசில்லாவின் ஃபயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்தான் பேர் சொல்லும்படி வேறு செக்கில் ஆட்டுகிறவை.

அப்படியானால் லேபிளுக்கு எதற்கு இத்தனை அடிதடி? சஃபாரியில் தேடினால் முதலில் கூகுள் வர வேண்டும் என்பதற்காக 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். அமெரிக்காவில் நடந்த வழக்கில் இது வெளியே வந்தது. ரூபாயில் போட்டுப் பார்க்க என் கால்குலேட்டரில் கட்டம் பத்தவில்லை. அடுத்தவன் வாசலில் நிற்கவே இத்தனை வாடகை என்றால், சொந்த வாசல் கட்ட யாருக்குத்தான் ஆசை வராது? நம்மிடம் காசு கேட்காமல் பிரவுசர் கொடுக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோக ஒன்றுமில்லை. ஜோஹோவும் தன் மெயில், நோட்டு எல்லாவற்றையும் இந்த வாசல் வழியாகத்தான் காட்டுகிறது. அது தப்பென்று சொல்லவில்லை. கடை வைத்திருப்பவள், எனக்கும் போர்டு இருக்கிறது.

இப்போது ஏஐ கம்பெனிகளும் வந்துவிட்டன. பெர்ப்ளெக்ஸிட்டி ‘காமெட்’ என்றும் ஓபன்ஏஐ ‘அட்லஸ்’ என்றும் 2025-ல் இறக்கின. இரண்டுமே அதே குரோமியம் எண்ணெய். கோயம்புத்தூரில் படிக்கும் என் கொழுந்தனார் மகன் லேப்டாப்பில் காமெட்டைக் காட்டினான். திறந்திருக்கும் பக்கத்தைத் தானே படித்து, கேட்டதைச் செய்கிறது. வீட்டில் அவன் பஸ் டிக்கெட் போடுவதற்குச் சரி. நாள் முழுக்க அடுத்தவர் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் ஸ்கிரீனில் கிடக்கும் என் கடையில், கூடவே படிக்க இன்னொரு ஆள் வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் ‘உலா’வோடு மாட்டிக்கொண்டேன், அதுவும் அதன் தப்பில்லை. டிஜிட்டல் கையெழுத்து கேட்கும் ஒரு தளம், எந்தத் தளம் என்று வேண்டாம், பேர் பார்த்தே ‘உங்கள் பிரவுசர் ஏற்கப்படாது’ என்று கதவைச் சாத்தியது. உள்ளே இருப்பது அதே இன்ஜின்தான் என்று அதற்கு யார் சொல்வது? எண்ணெய் லோடு ஏற்றிய வண்டி வெளியே ஹாரன் அடிக்கிறது, டிரைவர் இறங்கி வந்து “ஆச்சுங்ளாக்கா?” என்று ரெண்டு தரம் கேட்டுவிட்டார். ஓடிப்போய் முதல் கம்ப்யூட்டரில் பழைய உருண்டையைத் திறந்து முடித்துக் கொடுத்தேன். அதனால் முதல் மிஷினில் பழையது, இரண்டாவதில் ‘உலா’, மூன்றாவதில் ஃபயர்பாக்ஸ். ஐந்துக்கு ‘உலா’வுக்கு மூன்றரை கொடுப்பேன்.

பெரியவருக்கு அன்றைக்கே பட்டா வந்தது. புல எண் போட்டு, அவர் போனுக்கு வந்த ஓடிபியை வாசிக்கச் சொல்லி, பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவர் பேரையும் தம்பி பேரையும் விரலால் தடவிப் படித்தார். போன வாரம் மகள் பேருக்கு எழுதின நிலத்துக்காக மறுபடி வந்தார். முதல் கம்ப்யூட்டர் காலியாகத்தான் இருந்தது.

“அதுல வேண்டாமுங் அம்முணி. எம்பட பட்டா இப்ப இந்தப் பொட்டிலதான இருக்குது” என்று இரண்டாவதின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.