கடற்கரைத் திருவிழாவுக்கு எல்இடி திரையில் நேரலை காட்ட வாடகை பேசுகிறவர்கள் கவனத்துக்கு

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை, திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி வைக்கிற கமிட்டிக்காரர்கள் எல்லாரும் இதைப் படிக்கணும். "கடல்ல நடக்கிறதை அப்படியே கரையில காட்டுறோம்" என்று பேசி ஒரு வெளியூர் வாடகைக் கடை எங்களிடம் முழுக் காசையும் வாங்கிக்கொண்டு போட்டியைக் கெடுத்துவிட்டுப் போனது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஏமாற்றின முறையைச் சொல்கிறேன், அது எல்லாக் கடைக்கும் பொருந்தும்.

எங்களுக்கு வேண்டியது சிக்கலானதில்லை. படகுகள் திரும்புகிற இடம் கரையிலிருந்து பார்த்தால் பாயின் நுனிதான் தெரியும். அதனால் கூடவே ஒரு படகில் கேமரா, 4ஜி சிம் வழியாகப் படம் கரைக்கு வரணும், பந்தலில் திரை. வர்ணனை சொல்கிறவர் திரையைப் பார்த்துத்தான் சொல்வார், அவர் குரல் மைக்கில் உடனே போய்விடும். ஆகவே படம் ஒரு நொடிக்கு மேல் பிந்தக் கூடாது என்று முதல் நாள் பேச்சிலேயே சொன்னோம். நான் உள்ளூர் கேபிளில் கேமரா பார்த்தவன், காரணத்தோடுதான் கேட்டேன். "அரை செகண்டு தாண்டாதுண்ணே, எஸ்ஆர்டி ரிசீவர் வருது" என்று கொட்டேஷனில் எழுதியே கொடுத்தார்கள். எஸ்ஆர்டி என்பது இன்டர்நெட் வழியாகப் படத்தை அதிகம் பிந்தாமல் அனுப்புகிற ஒரு முறை, அதைக் கரையில் வாங்கித் திரைக்குக் கொடுக்கிற பெட்டிதான் ரிசீவர். "எஸ்ஆர்டி லைசன்ஸ்" என்று தனியாக ஒரு தொகையும் போட்டார்கள். ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017-லேயே எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்ட முறை அது. அதற்கு என்ன லைசன்ஸ் காசு? கேட்டதற்குப் பதிலே இல்லை.

போட்டியன்று முதல் படகு கொடியைத் தாண்டி, ஆட்கள் தண்ணீரில் குதித்துக் கரையேறிவிட்டார்கள். திரையில் அதே படகு இன்னும் தூரத்தில் வந்துகொண்டிருக்கிறது. வர்ணனை சொன்ன மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "மாப்ளே, திரையில வர்றதைச் சொல்லவா, கண்ணுக்குத் தெரியிறதைச் சொல்லவா?" என்றார். ஜெயித்த படகுக்காரர்களின் வீட்டுப் பெண்கள் குலவை போட்டு முடித்த பிறகு, ஒலிபெருக்கியில் வேறொரு படகு முந்துவதாக அறிவிப்பு வருகிறது. தோற்ற தரப்பு சண்டைக்கு வந்துவிட்டது. ஒரு வருசம் காத்திருந்து பாய் தைத்துக் கடலில் இறங்குகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்!

திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எஸ்ஆர்டி ரிசீவரே வரவில்லை. சாதாரண ஆண்ட்ராய்டு டிவி பெட்டி. கேமராப் படத்தை யூடியூபுக்கு ஏற்றி, அந்த யூடியூப் லைவையே திரும்ப இறக்கித் திரையில் போட்டிருக்கிறார்கள். யூடியூப் படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அனுப்பும், பார்க்கிற பெட்டி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டும். அதன் மிகக் குறைந்த தாமத செட்டிங்கிலேயே சில நொடி பிந்தும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது போதும், எதிரே கடல் தெரிகிற பந்தலுக்கு ஆகாது.

சத்தம் போட்ட பிறகு வண்டியிலிருந்து ஒரு ரிசீவரை எடுத்து மாட்டினார்கள். தாமதம் குறைந்தது, ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. காரணம் அந்த ரிசீவரின் லேட்டன்சி எண். படம் பாக்கெட் என்கிற சின்னச் சின்னத் தகவல் பொட்டலமாகத்தான் போகும். வழியில் தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்க ரிசீவர் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதுதான் அந்த எண். சும்மா விட்டால் 120 மில்லிசெகண்டு. கடலில் இருந்த சிம்முக்குப் பிங் போட்டு, அதாவது ஒரு சின்னத் தகவலை அனுப்பிப் பதில் வரும் நேரத்தைப் பார்த்தால், போய் வரவே 100 மில்லிசெகண்டு சுமாருக்கு ஆகிறது. கேட்டு வாங்குவதற்குள் நேரம் முடிந்து பாக்கெட் விழுந்துவிடும். போய்வரும் நேரத்தைப் போல் நாலு மடங்கு, அதாவது 400 வைப்பது வழக்கம். படத்தைச் சுருக்கி அனுப்புகிற என்கோடர், திரையின் பிராசஸர் எல்லாம் எடுக்கிற நேரம் சேர்ந்தாலும் ஒரு நொடிக்குள் முடிந்திருக்கும். இதைச் சொன்னேன். வந்த பையன், "ஃபாக்டரி செட்டிங்ண்ணே, தொட்டா வாரண்டி போயிடும்" என்று சொல்லிவிட்டு, என் கண்முன்னே 120-ஐ 50 ஆக்கினான். அனுப்புகிற பக்கம், வாங்குகிற பக்கம் இரண்டில் எது பெரிய எண்ணோ அதைத்தான் எஸ்ஆர்டி எடுத்துக்கொள்ளும், படகில் 120 இருக்கும்போது இங்கே 50 வைத்து ஒன்றும் ஆகாது. இது கூடத் தெரியாத ஆளை அனுப்பிவிட்டு நிபுணர் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

கேட்டால் "நெட்வொர்க் பிரச்சனை, எங்க தப்பில்ல". பில்லில் "லைவ் செட்டப்" என்று ஒரே வரி, எந்தப் பெட்டி என்ற விவரமே கிடையாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரிசீவரின் பெயரையும் மாடலையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். கடைக்குள் ஒரே வைஃபையில் காட்டுகிற டெமோவை ஏற்காதீர்கள், அங்கே எல்லாமே வேகமாகத்தான் ஓடும். உங்கள் கடற்கரையில், படகில் போகப்போகிற அதே சிம்மில் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கேமரா முன்னால் பிடித்து, அந்தப் போனும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான தாமதம். நாங்கள் அன்று எடுத்த போட்டோவில் 7 நொடிக்கு மேல் இருக்கிறது. அதுவும் கொட்டேஷனும் என்னிடம் இருக்கின்றன, அக்கம்பக்கத்து ஊர்க் கமிட்டி யார் நேரில் கேட்டாலும் காட்டுகிறேன்.