கோத்தகிரியில் ஐந்து நாள்: எங்கே உண்டோம், எங்கே நடந்தோம்

பதினாறு ஆண்டுகளாக டொரொன்டோவில் குடியிருக்கும் நாங்கள், கடந்த ஜனவரித் தொடக்கத்தில் மேட்டுப்பாளையத்தில் உள்ள என் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது, கணவரும் பதினான்கு வயது மகளுமாக மூவர் கோத்தகிரிக்குச் சென்று, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு மரவீட்டில் ஐந்து நாள் தங்கினோம். ஊட்டியை விட்டுக் கோத்தகிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் கூட்டம் மட்டுமன்று. தொட்டபெட்டா மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து நிற்பதால் இந்தப் பக்கத்தின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. அது ஓய்ந்தபின் மார்கழி கடைசியில் வானம் தெளிந்து, பகலில் நடப்பதற்கு மிக ஏற்றதாகிவிடுகிறது.

மலையேறுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டே. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். கட்டணம் எதுவும் இல்லை. என் கனடா எண்ணைத் தவிர்த்து மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் பதிந்துவிட்டேன். அடுத்தது தண்ணீர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இம்மாவட்டத்தில் தடை இருப்பதால், குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அண்ணி கொடுத்தனுப்பிய எவர்சில்வர் பாட்டில்கள் ஐந்து நாளும் கைகொடுத்தன.

மரவீட்டைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சுத்தமான படுக்கை, நல்ல கம்பளி, காலையில் கதவைத் திறந்தால் பனி மூடிய தேயிலைச் சரிவு. குறையெல்லாம் அதன் சாப்பாட்டுக் கூடத்தில்தான். முதல் இரவு எங்களுக்குக் கிடைத்தவை பன்னீர் பட்டர் மசாலாவும் கோபி மஞ்சூரியனும் ஆறிப்போன நானும். காய்கறி விளையும் மலையின் நடுவே உட்கார்ந்துகொண்டு, எந்த நகரத்திலும் கிடைக்கும் அதே பட்டியலைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "இந்த ஊர்ச் சாப்பாடு ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டேன். பரிமாறிய பையன் தயங்கி, "வர்றவங்க யாரும் அதைக் கேக்கறதில்லைங்க மேடம்" என்றான்.

மறுநாள் காலையில் அறை சுத்தம் செய்ய வந்த, இம்மலையின் படகர் சமூகத்துப் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். என்னைவிடச் சில வயது மூத்தவர்; பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், வீடு. "நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்துடுங்க கண்ணு. ஆனா இன்னைக்கே சொல்லிடணும், அவரையை ஊறப்போடணுமில்ல" என்றார். அந்த ஒரு சொல்லில் இந்த மலையின் சமையல் முறை எனக்குப் புரிந்தது. பசித்த பிறகு கைப்பேசியில் சொல்லி வரவழைக்கும் சாப்பாடு அன்று இது. முதல் நாளே வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சென்றோம். வாசலில் வெயிலில் உருளைக்கிழங்கு பரப்பியிருந்தது. அடுப்படியில் ராகி மாவைக் கொதிநீரில் போட்டு மரத்துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். மாவு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுத் திரண்டு வந்ததும் இறக்கி, நனைத்த கையால் சூட்டோடு உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழித்து நெய் விட்டுத் தட்டில் வைத்தார். பக்கத்தில் அவரை உதக்கா: ஊறவைத்த அவரைப் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கெட்டிக் குழம்பு. அதன் மணம் நம் சமவெளிக் குழம்பு எதிலும் இல்லாதது. அவர்கள் மாஸ் ஹுடி என்று சொல்லும் மசாலாப் பொடி அதற்குக் காரணம். பொடியை வீட்டிலேயே வறுத்துத் திரிக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பக்குவம் மாறும் என்றார். களியை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். டொரொன்டோவில் அவரைக்காயைத் தட்டின் ஓரம் ஒதுக்கும் பெண், இங்கே இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். காசு கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். மகளின் கம்பளிக் குல்லாவை அவருடைய பேத்திக்கு வைத்துவிட்டு வந்தோம். அது படகர்களின் தெய்வமான ஹெத்தையம்மனின் பண்டிகைக் காலம். அம்மன் கோயில் உள்ள பேரகணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வெள்ளுடைக் கூட்டத்தைத் திரும்பும் வழியில் பார்த்தோம்.

கடைத்தெருவில் நான் பரிந்துரைப்பது வர்க்கியும் தேநீரும். மாவா என்னும் புளித்த கலவையைச் சேர்த்துப் பிசைந்து, அடுக்கடுக்காக மடித்து, விறகு அடுப்பில் சுடும் வர்க்கியைப் பேக்கரியில் எடைபோட்டுத் தருகிறார்கள். வெளியே கல் போலிருக்கும். தேநீரில் மூன்று நொடி முக்கினால் அடுக்குகள் பிரிந்து கரையும். நான்காவது நொடியில் கோப்பைக்குள் விழுந்துவிடும். விறகு அடுப்புதானா என்று கேட்டு வாங்குங்கள். தேனுக்கு, இம்மலையின் பழங்குடி மக்களோடு நீண்ட காலமாகப் பணியாற்றும் கீஸ்டோன் அறக்கட்டளையை நாடலாம். அதன் தலைமையகம் கோத்தகிரியிலேயே இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு மெஸ்களே போதும். மூன்று மணிக்கு மேல் போனால் ரசம்கூட இருக்காது.

வெளியே நடப்பதில் எங்கள் மனத்தை நிறைத்தது லாங்வுட் சோலை. ஊரிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் 116 ஹெக்டேரில் நிற்கும் இந்தக் காடு, சுற்றிலும் தேயிலை ஆகிவிட்ட நிலத்தில் எஞ்சிய பழைய மலைக்காட்டின் துண்டு. கீழேயுள்ள ஊர்களுக்குக் குடிநீர் கொடுப்பதும் இதுவே. 2024 ஜனவரியில் இது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி பெற்று வழிகாட்டியோடுதான் உள்ளே சென்றோம். பத்தடி எடுத்து வைத்ததுமே வெயில் மறைந்து, பாசி போர்த்திய மரங்களுக்கிடையே ஈரக்குளிர் முகத்தில் அறைந்தது. எங்கோ யாரோ கூட்டமாகச் சிரிப்பது போலக் கேட்க, மகள் திடுக்கிட்டு நின்றாள். வழிகாட்டி உதட்டில் விரல் வைத்து ஒரு புதரைக் காட்டினார். கண்ணுக்கு மேல் வெண்புருவமும் செம்பழுப்பு வயிறுமாக நீலகிரிச் சிரிப்பான்கள் நான்கு, சருகைக் கிளறிக்கொண்டிருந்தன. உலகில் இந்த மலைப்பகுதியில் மட்டுமே வாழும் பறவை அது. ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் நடந்தது ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. மழைக்காலத்தில் அட்டை ஏறும் என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை.

கோடநாடு காட்சிமுனை ஏறக்குறைய 16 கிலோமீட்டர். காலை ஒன்பதுக்குள் போய்விட வேண்டும். பிறகு பள்ளத்தாக்கில் பனிப்புகை ஏறிவிடும். எங்களுக்கு மாயாற்றின் வளைவும், தொலைவில் பவானிசாகர் நீரின் மினுக்கமும், நேர் கீழே தெங்குமரஹாடாவின் வயல்களும் தெளிவாகத் தெரிந்தன. அவ்வூர் மக்கள் நெடுங்காலம் மாயாற்றைப் பரிசலில் கடந்தே வெளியுலகத்துக்கு வந்தவர்கள் என்று ஜீப் ஓட்டுநர் சொல்ல, மகள் வெகுநேரம் அந்த வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னேரிமுக்கில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பெத்தக்கல் பங்களாவுக்கு அரை மணி போதும். கேத்தரின் அருவியை அரவேணு பக்கமிருந்து எட்டிப் பார்த்தோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மரவீட்டின் விளம்பரத்தில் 'மாலை நடை' என்று போட்டிருந்தார்கள். அந்தப் படகர் அக்காவோ சந்தித்த அன்றே, "ஆறு மணிக்கு மேல வெளிய வராதீங்க, கரடி வரும்" என்று எச்சரித்திருந்தார். மூன்றாம் இரவு சமையலறைக்குப் பின்னால் தகர டிரம் உருளும் ஓசை கேட்டது. காலையில் பார்த்தால், மிச்சச் சோறும் எண்ணெய்க் காகிதமும் தேயிலைச் செடிகள் வரை இறைந்து கிடந்தன. ஈரமண்ணில் நீண்ட நகத்தடம். எண்ணெய் வாடைக்கும் எச்சிலுக்கும் கரடி வருவது இங்கே எல்லோரும் அறிந்த செய்தி. தங்குபவர் தின்று மீந்ததைத் திறந்த டிரம்மில் கொட்டிவைத்தால், அதன் விளைவை அனுபவிப்பவர்கள் விடியற்காலையில் கொழுந்து பறிக்க வரும் பெண்கள். மேலாளரிடம் இதை நேரிலே சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அன்று மாலையே பூட்டுள்ள மூடியோடு ஒரு டிரம் வந்தது. 'மாலை நடை' விளம்பரம் நாங்கள் கிளம்பும் வரை இருந்தது.

கடைசி நாள் மதியம், முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தபடி, அதே கூடத்தில் எங்கள் மேசைக்கு அவரை உதக்கா வந்தது. சமைத்தவர் அந்த அக்காதான். பக்கத்து மேசையில் இருந்த சென்னைக் குடும்பம், அது என்ன குழம்பு என்று கேட்டு, இரவுக்குத் தங்களுக்கும் வேண்டும் என்றது. "நாளைக்குத்தான் முடியுங்க, அவரை ஊறணும்" என்றான் பரிமாறிய பையன்.