மாற்றியமைத்த 69 கமாரோ: எங்கே விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

1969 கமாரோ, அதாவது செவர்லேயின் பழைய அமெரிக்க கார், ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை இன்ஜினைத் தூக்கிவிட்டு 430 குதிரைத்திறன் உள்ள எல்எஸ்3 என்ற நவீன இன்ஜினை வைத்தாயிற்று. ட்ரெமெக் ஆறு கியர், வில்வுட் டிஸ்க் பிரேக், விண்டேஜ் ஏர் ஏசி, அப்புறம் அகலமான டயர் உட்கார வேண்டுமென்று பின்சக்கரக் கூட்டை வெட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். செலவு எவ்வளவு ஆனது என்ற கணக்கை விற்கும்போது நினைக்கவே கூடாது, அது போனது போனதுதான், வாங்க வருகிறவருக்கு அதில் அக்கறை இல்லை. அமெரிக்காவில் இப்படி ஒரு வண்டியை விற்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஒரே வண்டிக்கு ஒவ்வொன்றிலும் கையில் நிற்கும் பணம் வேறு வேறு.

மாற்றாத கமாரோ என்றால் இன்ஜின் பிளாக்கில், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் சின்னத் திட்டில் பொறித்த எண் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே பாதி விலையை முடிவு செய்துவிடுவார்கள். நம்முடையதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. யார் கட்டினார்கள், எவ்வளவு சுத்தமாகக் கட்டினார்கள், ரசீது இருக்கிறதா, இந்த மூன்றுதான் விலை. அதை விளக்கிச் சொல்ல நேரமும் இடமும் கிடைக்கும் வழிதான் இந்த மாதிரி வண்டிக்கு நல்லது என்பது என் கணக்கு.

முதலில் மேடை ஏலம். ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் பாரெட்-ஜாக்சன், அதே மாதம் ஃப்ளோரிடாவின் கிஸிமீயில் மீக்கம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பாரெட்-ஜாக்சனில் பெரும்பாலான வண்டிகள் குறைந்தபட்ச விலை இல்லாமல் ஏறும், வந்த விலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மீக்கத்தில் அந்தக் குறைந்தபட்ச விலையை, அதாவது ரிசர்வ், வைத்துக்கொள்ளலாம், விலை வராவிட்டால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வரலாம். ஆனால் எங்கே போனாலும் வண்டி மேடையில் நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் பெயின்ட் மின்ன வேண்டும், சத்தம் அதிர வேண்டும், கூட்டத்தில் இரண்டு பேருக்காவது ஒரே நேரத்தில் ஆசை வர வேண்டும். வயரிங் எவ்வளவு ஒழுங்காகப் போயிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. ரிங்பிரதர்ஸ் மாதிரி பெயர் பெற்ற பட்டறையில் கட்டிய வண்டிக்கு இது சரி, அங்கே பெயரே விளக்கிவிடும். ஊர்ப் பட்டறையில் கட்டிய நல்ல வண்டி, அதுவும் கூட்டம் நிறைந்த சனிக்கிழமை மாலை கிடைக்காமல் வாரநாள் காலையில் ஏறினால், பாவம்.

இப்போது கணக்கு. வாங்குபவர் மொத்தமாக 88,000 டாலர் எடுத்துவைக்கத் தயார் என்போம். மேடை ஏலத்தில் வாங்குபவரிடம் 10% தனியாக வாங்குவார்கள், அதனால் அவர் 80,000-க்கு மேல் கை தூக்க மாட்டார். விற்பவரிடமும் 10% என்று வைத்தால் கையில் நிற்பது 72,000. நுழைவுக் கட்டணம், வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிய செலவு, ஹோட்டல் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

அதே ஆளை பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலத்தில் பிடித்தால் கதை வேறு. அங்கே வாங்குபவரிடம் 5%தான், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. விற்பவருக்குச் சின்னப் பட்டியல் கட்டணத்தோடு சரி. அதே 88,000 கையில் இருப்பவர் கிட்டத்தட்ட 83,800 வரை கேட்கலாம், அது அப்படியே விற்பவருக்கு. பதினோராயிரத்துக்கு மேல் வித்தியாசம், வண்டியை இடத்தை விட்டு நகர்த்தாமலே.

ஆனால் உழைப்பு உங்களுடையது. நூறு படத்துக்குக் குறைந்தால் சந்தேகப்படுவார்கள். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும் வீடியோ வேண்டும், அடிப்பாகத்தை லிஃப்டில் ஏற்றி எடுத்த படம் வேண்டும், வெல்டிங் செய்த இடத்தை மறைக்காமல் காட்ட வேண்டும். நான் சொல்வேன், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஃப்யூஸ் பாக்ஸையும் வயர்க்கட்டையும் படம் எடுத்துப் போடுங்கள். டேப் சுற்றாமல் தொங்கும் ஒரு வயர் தெரிந்தால் ஏலம் அங்கேயே சுருங்கும், ஒழுங்காகக் கட்டி லேபிள் ஒட்டியிருந்தால் பெயின்டை விட அதுதான் விலையை ஏற்றும். ஏழு நாளும் கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) டியூனிங் யார் செய்தது, பெட்ரோல் டேங்க்கை மாற்றினீர்களா, கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று. கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை என்பார்களே, அந்த எட்டும் வரும். கோபப்படாமல் அன்றன்றைக்கே பதில் போடுகிறவருக்குத்தான் இந்த வழி. இன்னொன்று, 1969 கமாரோவின் வின் எண் அது எட்டு சிலிண்டர் வி8 வண்டியா என்று சொல்லும், எஸ்எஸ் என்ற விலை கூடிய மாடலா என்று சொல்லாது. ஆவணம் இல்லாமல் எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டியிருந்தால் நீங்களே முதல் வரியில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் மத்தியானத்துக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

கார்ஸ் அண்ட் பிட்ஸ் என்ற இன்னொரு இணைய ஏலத்தின் பக்கம் போக வேண்டாம், அது 1980-களிலும் அதற்குப் பிறகும் வந்த வண்டிகளை வைத்து ஆரம்பித்த இடம்.

கமிஷன் கடையில் விடுவது மூன்றாவது வழி. வண்டியை அவர்கள் ஷோரூமில் நிறுத்துவார்கள், விற்றால் ஒரு பங்கு எடுப்பார்கள். நேரமில்லாதவருக்கு வசதிதான், ஆனால் மாதக்கணக்கில் நின்றால் பேட்டரி செத்துப்போகும், விலையைக் குறைக்கச் சொல்லி போன் வர ஆரம்பிக்கும். விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் 90 நாளுக்கு மேல் ஒப்பந்தம் போடாதீர்கள், டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கடை மூழ்கினால் உள்ளே நிற்கும் வண்டி யாருடையது என்று நீங்கள் வக்கீல் வைத்து நிரூபிக்க வேண்டி வரும்.

நேரடியாக, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ கிரெய்க்ஸ்லிஸ்ட்டிலோ விற்றால் கமிஷனே இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு ஹார்லியும் ஒரு படகும் தருகிறேன் மாற்றிக்கொள்ளலாமா என்பார்கள், மீதிப் பாதிக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் போதும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லாத 430 குதிரைத்திறனை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள், பணம் தயார் என்று காட்டும் வரை நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். கேஷியர் செக் (வங்கியே எழுதித் தரும் காசோலை) கொடுத்தால் அவருடைய வங்கிக் கிளைக்கே போய் முடியுங்கள், போலிகள் நிறைய. கலிஃபோர்னியாவில் விற்ற 5 நாளுக்குள் உரிமை மாற்ற அறிவிப்பைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும். பொறுமை உள்ளவருக்கும், அக்கம்பக்கத்தில் கார் கூட்டங்களுக்குப் போய் ஆட்களைத் தெரிந்தவருக்கும் இது இணைய ஏலத்தை விடவே லாபம்.

கடைசியாகப் பிரித்து விற்பது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியே விற்றுவிட்டு, பழைய பாகங்களைத் திருப்பி மாட்டி வண்டியை விற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். போல்ட்டில் மாட்டிய பாகங்கள் மட்டும் என்றால் யோசிக்கலாம். தகரத்தை வெட்டியாயிற்று என்றால் வேண்டாம், அது பழைய நிலைக்குத் திரும்பாது, கழற்றிய பாகங்களுக்குப் புதுவிலையில் பாதி வந்தாலே பெரிது. ஆனால் எண் ஒத்துப்போகும் பழைய இன்ஜின் பட்டறை மூலையில் ஸ்டாண்டில் கிடந்தால் அதைத் தனியாக விற்றுவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு உலகத்திலேயே மதிப்பு இருப்பது இந்த ஒரு வண்டிக்குத்தான், வண்டியோடு சேர்த்துக் கொடுப்பதாக விளம்பரத்தின் மூன்றாவது வரியிலேயே போடுங்கள்.