பிளாஸ்டிக் ஸ்டென்சிலா, ஃப்ரீசர் பேப்பரா?

குயில்ட்டின் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) மேல்துணியில் ஒரே இலை உருவத்தை வண்ணத்தால் முப்பது முறை பதிக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தாளில் வெட்டிய ஸ்டென்சில், அதாவது உருவத்தை வெட்டியெடுத்த அச்சுத்தாள்தான் தோது. கழுவித் துடைத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் அது துணியோடு ஒட்டாது. ஃபேப்ரிக் பெயிண்ட் சற்று நீர்த்திருந்தாலும் விளிம்புக்கு அடியில் கசிந்துவிடும். ஸ்பாஞ்சில் வண்ணத்தைத் தொட்டு, பழந்துணியில் ஒற்றியெடுத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் மேலிருந்து தட்டித் தட்டிப் பதியுங்கள். தேய்க்கவே கூடாது.

ஃப்ரீசர் பேப்பர் என்பது ஃப்ரீசரில் வைக்கும் உணவைச் சுற்றும் தாள்; அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. இதிலும் உருவத்தை வெட்டியெடுத்து, அந்தப் பளபளப்பான பக்கத்தைத் துணிமேல் வைத்து, நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். உருவத்தின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் துல்லியமாக வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று: வளையத்தின் நடுவட்டம் போன்ற தனித்துண்டுகளையும் அப்படியே ஒட்டிவிடலாம். பிளாஸ்டிக்கில் அவற்றைத் தாங்க இணைப்புப் பட்டைகள் விட்டாக வேண்டும். அழகான பூவை அந்தப் பட்டைகள் விடும் வண்ணமில்லா இடைவெளிகள் வெட்டிப்போடுவதைப் பார்க்க மனம் வருந்தும். குறை, சில தடவைக்கு மேல் பேப்பர் ஒட்டாது.

நுணுக்கமான ஒற்றை உருவத்துக்கு நான் தயங்காமல் பேப்பரையே எடுப்பேன். பின்னணியை நிரப்பப் பிளாஸ்டிக்.

எதுவானாலும் துணியை முன்பே துவைத்துக் கஞ்சியை நீக்குங்கள். வண்ணம் முழுதும் காய்ந்தபின் இஸ்திரி போட்டு நிலைப்படுத்துங்கள். தடிமனாகப் பூசினால், பின்னர் தையல் போடும்போது ஊசித் துளைகள் வண்ணப் படலத்தில் அப்படியே தெரியும்.