6 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கி நாலு மாசம் ஆச்சு: பெரியப்பா, அத்தை பஞ்சாயத்தோட சேத்து ரிவ்யூ

வாங்குனது 6 இன்ச், அதாவது 150 மிமீ கண்ணாடி, 1200 மிமீ குவியத்தூரம், கீழ பலகை ஸ்டாண்ட், மோட்டார் கீட்டார் ஒண்ணும் கெடையாது, கையால தள்ளித்தான் திருப்பணும். 30 ஆயிரத்துக்கு கொஞ்சம் கொறச்சலா முடிஞ்சுது. பிராண்ட் பேர் வேணும்னே போடல, இந்த சைஸ்ல எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு.

ஏன் வாங்குனேன்னு உண்மைய சொல்லிடறேன், வானத்தப் பாக்குற ஆசையெல்லாம் அப்புறம் வந்தது, வீட்டு சண்டைல ஜெயிக்கத்தான் வாங்குனேன். எங்களுக்கு மாயவரம். பெரியப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், செப்டம்பர் 17 வந்தா இன்னும் கருப்பு சட்டை போட்டுக்கிட்டு கெளம்பிடுவார். அவரோட கூடப்பொறந்த தங்கச்சி, எங்க அத்தை, மேஷ ராசி, சனிப்பெயர்ச்சிக்கு திருநள்ளாறு போகாம இருந்ததே இல்ல. எந்த விசேஷத்துல ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல எலை விழுந்தாலும் பாயசம் வர்றதுக்குள்ள சண்டை வந்துரும். குயவன் இல்லாம பானை வருமா அண்ணேன்னு அவங்க ஆரம்பிப்பாங்க, அப்ப அந்த குயவன செஞ்சது யாரு புள்ளன்னு இவர் கேப்பார், அம்பது வருஷமா அதே வசனம். நான் சின்ன வயசுல இருந்தே பெரியப்பா கட்சி. சனிய நேர்லயே காட்டிட்டா அது வெறும் வாயு உருண்டை, நீங்க போடுற எள்ளு தீபம் அதுக்கு தெரியாதுன்னு சொல்லி அத்தை வாய அடச்சிரலாம்னு ஒரு கணக்கு.

இதுக்கு முன்னாடி ஒரு தடவ ஏமாந்ததையும் சொல்லணும். மூணு வருஷம் முன்னாடி ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்குனேன், டப்பா மேல கொட்ட எழுத்துல 675 மடங்கு, பக்கத்துல ஹப்பிள் எடுத்த மாதிரி கலர் கலரா போட்டோ. 675 எப்படி வந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, 900 மிமீ குவியத்தூரத்த 4 மிமீ ஐபீஸால, அதான் நாம கண்ணு வச்சுப் பாக்குற லென்ஸால, வகுத்தா 225, அது மேல மடங்க கூட்டிக் காட்டுற 3 மடங்கு பார்லோ லென்ஸ் சொருகுனா 675, கணக்கு என்னமோ சரிதான். ஆனா முன்னாடி இருக்குற லென்ஸ் 60 மிமீதான். எத்தன மிமீ கண்ணாடியோ அதுக்கு ரெண்டு மடங்கு, அதான் மொத்த எல்ல, 60க்கு 120. அதுக்கு மேல போனா உள்ள வந்த அதே துளி வெளிச்சத்தத்தான் இழுத்து இழுத்து பெருசாக்குது, புதுசா ஒரு விவரமும் வராது. ஒரு டம்ளர் பால்ல ஒரு குடம் தண்ணி ஊத்துற கதை. அதுல சனி ஒரு அழுக்குப் பொட்டு மாதிரி தெரிஞ்சுது, அத்தை பாத்துட்டு லென்ஸ துடைடான்னாங்க.

இந்த 6 இன்ச் அப்படி இல்ல. வெறும் கண்ண விட கிட்டத்தட்ட 450 மடங்கு வெளிச்சம் உள்ள வாங்குது. ரெண்டு ஐபீஸ் குடுத்தாங்க, 25 மிமீல 48 மடங்கு, 10 மிமீல 120, அவ்வளவுதான் சொல்லிருந்தாங்க, பொய் இல்ல. ஸ்டாண்ட மாட்ட எனக்கும் தம்பிக்கும் ரெண்டரை மணி நேரம், ஒரு பலகைய தலைகீழா மாட்டி மறுபடி கழட்டுனோம். மேல இருக்குற சின்ன கண்ணாடி லைட்டா கோணலா வந்துருந்துச்சு, கடைக்கு போன் பண்ணா ரெண்டு நாள் யாரும் எடுக்கல, மூணாவது நாள் ஒரு பையன் வீடியோ கால்ல வந்து பொறுமையா எந்த ஸ்க்ரூவ எவ்வளவு திருப்பணும்னு சொல்லிக் குடுத்தான். கண்ணாடிய நேர் பண்றது மொத தடவ பயமா இருக்கும், மூணாவது தடவ அஞ்சு நிமிஷ வேலை.

அக்டோபர்ல வாங்குனது என் முட்டாள்தனம். டெல்டால ஐப்பசி கார்த்திகைல எவனாவது டெலஸ்கோப் வாங்குவானா. ரெண்டு மாசம் மழை, மேகம், டெலஸ்கோப் மேல அம்மா துணி காயப்போட்டாங்க. கடைசில பொங்கல் லீவுலதான் வானம் தொறந்துச்சு, தை அமாவாசைக்கு முந்தின ராத்திரிகள், நெலா தொந்தரவு இல்ல, எல்லாரும் வீட்ல இருந்தாங்க, மொட்டமாடில பாய், சுத்தி கொசுவத்தி.

மொத விஷயமே எனக்கு எதிரா போச்சு. மொபைல் ஆப்ப வானத்த நோக்கி காட்டுனா அது போனோட காம்பஸ் கெட்டுப்போய் வேற தெசையக் காட்டுது, நானும் பெரியப்பாவும் அண்ணாந்து பாத்து முழிக்கிறோம், அத்தை பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டே அதோ மிருகசீரிடம், அதுக்குக் கீழ செவப்பா இருக்கே அதான் திருவாதிரை, அந்தாண்ட கொத்தா கார்த்திகைங்கறாங்க. அந்த திருவாதிரைய வச்சுத்தான் ஓரியன் நெபுலாவ புடிச்சேன், 1300 ஒளியாண்டு தாண்டி, இப்பவும் நட்சத்திரம் பொறந்துக்கிட்டு இருக்குற மேகம், சாம்பல் கலர்ல ஊதுபத்திப் புகை மாதிரி தெரிஞ்சுது, நடுவுல நாலு வைரப் பொட்டு. கலர் எதிர்பாக்காதீங்க, கலர் எல்லாம் கேமராவுக்குத்தான்.

சனி மேக்க எறங்கிக்கிட்டு இருந்துச்சு, ஏழரை மணி வாக்குல வச்சேன். (மணியக் கேட்டு அத்தை ஒரு பார்வ பாத்தாங்க.) 2025 மார்ச்ல இருந்தே வளையம் நமக்கு கிட்டத்தட்ட பக்கவாட்டா திரும்பிருந்துச்சு, அதனால பாடப்புத்தகப் படம் மாதிரி தட்டு தெரியல, உருண்டைக்கு குறுக்க ஊசி குத்துன மாதிரி ஒரு கோடு. 1612ல கலிலியோவுக்கே இப்படி வளையம் காணாமப் போய் அந்த மனுஷன் கொழம்பிப் போனாராம். கிட்டத்தட்ட 150 கோடி கிலோமீட்டர், நீங்க பாக்குற வெளிச்சம் 80 நிமிஷத்துக்கு முன்னாடி கெளம்புனதுன்னு சொன்னேன். அத்தை ரொம்ப நேரம் கண்ண எடுக்கல. வாய அடச்சிட்டேன்னு நெனச்சேன், பாத்தா கன்னத்துல போட்டுக்கிட்டு இருக்காங்க.

பெரியப்பாவுக்கு வேற ஒண்ணு நடந்துச்சு. மோட்டார் இல்லாததால 120 மடங்குல எதுவுமே ரெண்டு நிமிஷம் கூட நிக்காது, நழுவி வெளிய போயிடும், நான் இத மைனஸ்னு எழுதத்தான் இருந்தேன். அவர் வியாழன பாத்துக்கிட்டு இருந்தவர் ஏன்டா ஓடுதுன்னார், அது ஓடல பெரியப்பா நம்மதான் சுத்துறோம்னேன். முப்பத்தஞ்சு வருஷம் போர்டுல உருண்டை வரஞ்சு பூமி சுத்துதுன்னு சொல்லிக் குடுத்துருக்கேன்டா, சுத்தி இன்னிக்குத்தான் பாக்குறேன்னார். அப்புறம் தள்ளவே விடல, வெளிய போறத வெளிய போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தார். ரெண்டு மணி நேரம் கழிச்சு வியாழன் பக்கத்துல இருந்த நாலு நெலால ஒண்ணு எடம் மாறி இருந்துச்சு. 1610 ஜனவரில கலிலியோ பாத்தது அதே நாலு, எல்லாமே பூமியத்தான் சுத்துதுங்கற கதை அங்கதான் ஒடஞ்சுது.

சரி, சண்டைக்கு வருவோம். கீழ எறங்கி சாப்பிட உக்காந்ததும் பெரியப்பா ஆரம்பிச்சார், பாத்தியா புள்ள, 1380 கோடி வருஷம் முன்னாடி பெருவெடிப்பு, அதுல இருந்து எல்லாம் தானா வந்துச்சு, இதுல உன் சாமிக்கு வேலை எங்க, சயின்ஸ் நிரூபிச்சாச்சு. அப்பதான் எனக்கு அந்த 675 டப்பா ஞாபகம் வந்துச்சு. ஏன்னா அந்த ஐடியாவ மொதல்ல கொண்டாந்ததே ஒரு பாதிரியார், ஜார்ஜ் லெமேத்ர்னு பெல்ஜியத்துக்காரர், 1927ல பிரபஞ்சம் விரியுதுன்னார், 1931ல எல்லாம் ஒரு ஆதி அணுல இருந்து கெளம்புச்சுன்னார். அத கடேசி வரைக்கும் ஒத்துக்காதவர் ஃபிரெட் ஹாயில்னு இங்கிலாந்து வானியல் விஞ்ஞானி, அப்ப சரியான நாத்திகர், 1949ல பிபிசி ரேடியோல பிக் பேங்னு பேர் வச்சதே அவர்தான், இது என்னடா படைப்புக் கதை மாதிரி இருக்குன்னுதான் அவருக்கு கடுப்பு. நம்ம நாட்டு விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் அவர் கூட சேந்து வேல பாத்தவர். இத சொன்னதும் பெரியப்பா மொகத்தப் பாக்கணுமே, அத்தை எலைக்கு ரெண்டு அப்பளம் எக்ஸ்ட்ரா வந்துச்சு.

ஆனா கதை அங்க முடியல. 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ், பாத்தீங்களா விஞ்ஞானமே படைப்ப ஒத்துக்கிச்சுங்கற மாதிரி பேசிட்டார், அதுக்கு சந்தோஷப்பட வேண்டிய லெமேத்ருக்கு அது சுத்தமா புடிக்கல. என் கணக்கு சாமி இருக்குன்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல, ரெண்டையும் கலக்காதீங்கங்கறதுதான் அவர் நெலப்பாடு. அங்கியும் போட்டுக்கிட்டு அந்த ஆளு அப்படி நின்னாருல்ல, எனக்கு அதான் பெருசா பட்டுச்சு. 1964-65ல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்களுக்கு ஆண்டெனால ஒரு இரைச்சல் கேக்குது, புறா எச்சமா இருக்கும்னு கழுவிக்கூட பாத்தாங்க, போகல, அதான் ஆதி வெளிச்சத்தோட மிச்சம், லெமேத்ர் 1966ல சாகறதுக்கு கொஞ்சம் முன்னாடி சேதி அவருக்கு போய் சேந்துச்சு. அந்த வெளிச்சம் பிரபஞ்சத்துக்கு சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் வயசு இருக்கும்போது கெளம்புனது, அதுக்கு முன்னாடி உள்ளத எந்த டெலஸ்கோப்பும் வெளிச்சத்துல பாக்க முடியாது. முதல் சில நிமிஷத்தப் பத்திக்கூட ஹீலியம் அளவ வச்சு நல்லாவே கணக்கு சொல்றாங்க, அது வரைக்கும் சரி. அதுக்கும் முன்னாடி ஏன், எதுக்குன்னு போறப்ப பெரியப்பா 60 மிமீ லென்ஸ்ல 675 போடுறாரு.

அத்தை பக்கமும் கம்மி இல்ல, அவங்க பையன் அனுப்புற வாட்ஸாப் பார்வர்டு ஒவ்வொண்ணும் ஆயிரம் மடங்கு. திருநள்ளாறு மேல வர்றப்ப சாட்டிலைட் ஸ்தம்பிச்சு நிக்குதாம். தாழ்வா சுத்துற சாட்டிலைட் செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் போகுது அத்த, அங்கயும் ஏழரைதான், நின்னுச்சுன்னா நம்ம தலைலதான் விழும்னேன். அப்புறம் மாணிக்கவாசகர் அப்பவே நூத்தியொரு கோடி கேலக்ஸி, பிரபஞ்சம் விரியுதுன்னு சொல்லிட்டார்ங்கறது. திருவாசகத்துல திருவண்டப்பகுதிய எடுத்துப் படிச்சேன். நூத்தியொரு கோடிக்கு மேல விரிஞ்சுதுங்கற வரி இருக்கத்தான் செய்யுது, ஆனா அவர் கேலக்ஸிய எண்ணி கணக்கு குடுக்கல, கூரை ஓட்டை வழியா வர்ற வெயில்ல தூசி மெதக்குமே, சிவனுக்கு முன்னாடி அண்டமெல்லாம் அந்த மாதிரிங்கறார். எங்க ஓட்டு வீட்ல சின்ன வயசுல மத்தியானம் படுத்துக்கிட்டு அந்த தூசியப் பாத்துருக்கேன், படிச்சப்ப சிலிர்த்துச்சு. அதப் போய் கேலக்ஸி சர்வேன்னு சொல்றது மாணிக்கவாசகருக்கு பெருமையா?

இன்னொண்ணு, அத்தையோட குயவன் உவமைய பெரியப்பா அம்பது வருஷமா தப்பாத்தான் அடிச்சிருக்கார். சைவ சித்தாந்தத்துல மண்ணும் உண்டு சக்கரமும் உண்டு குயவனும் உண்டு, அந்த மண்ணு, அதான் மாயை, அதுக்கும் ஆரம்பம் கெடையாது, உயிருக்கும் கெடையாது. ஒண்ணுமே இல்லாததுல இருந்து சாமி உலகத்த உண்டாக்குனார்ங்கறது இவங்க கணக்குலயே இல்ல. அதனால பெருவெடிப்புல ஆரம்பம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அத்தைக்கு ரெண்டுமே அடி படாது. இத நான் சொன்னதும் அத்தையே அப்படியாடான்னாங்க.

ராமானுஜன் நாமகிரித் தாயார் அருள்னு சொன்னவர், அவர் நோட்ட சரிபாத்தவங்க தாயாரக் கூப்ட்டு கேக்கல, நிரூபணம் தேடுனாங்க. வானியல் விஞ்ஞானி சந்திரசேகர் தன்ன நாத்திகர்னே சொல்லிக்கிட்டவர், சூரியன மாதிரி 1.4 மடங்கு எடைக்கு மேல வெள்ளைக் குள்ளன், அதான் எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட மிச்சம், தாங்காதுங்கற கணக்குக்கும் அதே சோதனைதான்.

வாங்கப் போறவங்களுக்கு: வெயிட் 15 கிலோ பக்கம், மாடிப்படி ஏத்துறப்ப ட்யூபையும் ஸ்டாண்டையும் தனித்தனியா தூக்குங்க. பாக்குறதுக்கு அரை மணி முன்னாடி வெளிய வச்சிருங்க, கண்ணாடி குளிரணும், இல்லாட்டி படம் கானல் மாதிரி ஆடும். முட்டி வலி உள்ளவங்க சேர்ல உக்காந்தே பாக்கலாம், அத்தை கேரண்டி. படம் தலைகீழாதான் தெரியும், கோவில் கோபுரம் பாக்க வாங்காதீங்க. பகல்ல சூரியன நேரா பாத்தா கண்ணு போயிடும், பசங்க இருக்குற வீட்ல மூடிய கழட்டி வச்சிட்டு போயிடாதீங்க. பட்ஜெட் பத்தலன்னா காசு சேருங்க, டப்பால மடங்கு போட்டுருக்குற சின்னத வாங்காதீங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் கொறச்சது அந்த ரெண்டு நாள் போன் எடுக்காததுக்கு.

நியாயமா இன்னொரு ஸ்டார் அத்தை கொறச்சிருப்பாங்க. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச்லயே மீனத்துக்கு போயாச்சு, திருநள்ளாறுல வாக்கியப் பஞ்சாங்கம், அங்க 2026லதான் பெயர்ச்சின்னு கோவில்லயே சொல்லிட்டாங்க. மேஷத்துக்கு அப்பதான் ஏழரை ஆரம்பம். சனி ஒரு சுத்து வர 29 வருஷம் சொச்சம், 12 ராசிக்கு பிரிச்சா ரெண்டரை, மூணு ராசிக்கு ஏழரை, இந்த வகுத்தல்ல ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் தகராறு இல்ல, எப்ப தாண்டுச்சுங்கறதுலதான். அன்னிக்கு ராத்திரி எல்லாம் மூடி வைக்கிறப்ப அத்தை கேட்டாங்க, தம்பி, நீதான் நேர்ல பாத்துட்டியே, கும்பத்துல இருக்கா மீனத்துல இருக்கா? கணக்குப்படி மீனம்தான் அத்த, ஆனா வானத்துல ராசிக்கு கோடு போட்டு வைக்கல, இதுல பாத்து சொல்ல முடியாதுன்னேன். பெரியப்பா வாயத் தொறக்கல, அவருக்கும் தெரியல.

அப்ப முப்பதாயிரம் குடுத்து என்னத்தடா வாங்குனன்னு கேட்டுட்டு, எதுக்கும் நான் வாக்கியத்தையே வச்சுக்குறேன், இன்னும் ரெண்டு மாசம் நிம்மதியா இருப்பேன்ல, அப்படின்னு கீழ எறங்கிப் போயிட்டாங்க.